ஊதுலை எரிபொருள் சிக்கனம்

ஊதுலை எரிபொருள் சிக்கனம் என்பது ஒரு டன் வார்ப்பிரும்பு எடுக்கச் செலவாகும் கரியின் அளவைக் குறைக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். உலையில் கரி எரிந்து வெப்பம் தருகிறது. எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வளிமம் தாதுவிலிருந்து ஆக்சிசனைப் பிரிக்கிறது. எரியாத கரித்துண்டுகள் மேலுள்ள குவியலைத் தாங்கிக் காற்றுக்கு வழிவிடுகின்றன. ஆகவே கரியை ஓர் எல்லைக்குக் கீழே குறைக்க இயலாது.

தமிழகத்தில் கரிச் செலவுச் சிக்கல் பெரிய அளவில் எழுந்த இடம், சோழமண்டலக் கரையில் உள்ள பரங்கிப்பேட்டை ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் அங்கு நடத்திய இரும்பு ஆலைக்குத் தாது சேலத்திலிருந்து ஆற்று வழியே படகில் வர, மரக்கரி தென்னார்க்காட்டுக் காடுகளிலிருந்து வந்தது. மரக்கரியின் எடை அதற்கு எரித்த விறகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பதால், அருகிலுள்ள காடு தீரத் தீர வண்டிக்கூலி ஏறிக்கொண்டே போனது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி பொறுப்பேற்ற பின்னரும் ஆலை நிலைக்கவில்லை.

சேலத்துக் கஞ்சமலைத் தாது காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடும், ஏறத்தாழச் சரிபாதி குவார்ட்சும் கலந்தது. குவார்ட்சைக் கசடாக உருக்கி வெளியேற்றச் சுண்ணாம்புக்கல்லும், அவ்விரண்டையும் உருக்கக் கூடுதல் கரியும் தேவைப்படும். மூன்று முதல் ஐந்தடி உயர மண்ணுலைகளில் ஆட்டுத்தோல் துருத்தி ஊதிய உள்ளூர்க் கொல்லர்கள் தாதுவை முதலில் இடித்து, கழுவியோ முறத்தில் புடைத்தோ குவார்ட்சைப் பிரித்தனர். அவர்களது உலை கரியைத் தாராளமாகத் தின்றது உண்மையே. எனினும் தாதுவை உலைக்கு வெளியே தூய்மைப்படுத்தும் அவ்வழக்கமே இன்றைய செறிவூட்டல் முறைக்கும் அடிப்படையாகும்.

மிகப் பெரிய சிக்கனம் காற்றைச் சூடாக்கியதால் விளைந்தது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் நீல்சன் 1828இல் காப்புரிமை பெற்ற இம்முறையால், கிளைடு ஆலையில் ஒரு டன் இரும்புக்கு 1829இல் சுமார் 8 டன்னாக இருந்த நிலக்கரிச் செலவு 1833இல் இரண்டு டன்னுக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. 1857இல் எட்வர்டு கூப்பர் காப்புரிமை பெற்ற செங்கல் அடுப்புகள், உலைவாயில் வீணாகும் வளிமத்தை எரித்தே காற்றைச் சூடாக்கப் பின்னாளில் பயன்பட்டன. தற்கால ஊதுலைகளில் சூடான காற்றோடு நிலக்கரித் தூளும் செலுத்தப்பட்டு, விலையுயர்ந்த கல்கரியின் தேவை குறைக்கப்படுகிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு சேலத் தாதுவை உருக்கும் திட்டம் விடுதலைக்குப் பின் ஆராயப்பட்டது. ஆயினும் 1981இல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலையாகவே அமைந்தது.