குளிர்காலத்துக்குப் புல்

மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் புல் வளர்வது நின்றுவிடும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் குளிர்காலம் முழுக்க இதே நிலைதான். கோடைப் புல்லை அந்த மாதங்களுக்கு எட்டச் செய்வது அங்கே கால்நடை வளர்ப்போரின் பழைய கவலை.

இடைக்காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த வழி உலர்புல். அறுப்புக்கென ஒதுக்கிய புல்வெளியில் வசந்தத்திலேயே மேய்ச்சலை நிறுத்திவிடுவார்கள். கோடையில் அறுத்து, வெயிலில் புரட்டி உலர்த்திப் போர் போடுவார்கள். பிறகு துளிர்க்கும் மறுதாம்பு இலையுதிர்கால மேய்ச்சலுக்கு உதவும். அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் புல் கெடும். தீவனத்துக்கு மிஞ்சிய கால்நடைகளை நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளையொட்டி வெட்டி, இறைச்சியை உப்பிட்டு வைப்பது வழக்கம். உழவு மாடுகளுக்கும் சினை மாடுகளுக்குமே தீவனம் முதலில் ஒதுக்கப்பட்டது.

17ஆம் நூற்றாண்டில் நீர்ப்பாய்ச்சும் புல்வெளிகள் பரவின. ரோலண்ட் வான் இதைப் பற்றி 1610இல் நூல் எழுதினார். சுண்ணப் பாறை ஊற்றுநீர் குளிர்காலத்திலும் அவ்வளவாகக் குளிராது. வாய்க்கால் வழியே அதை மெல்லிய படலமாக ஓடவிட்டால் மண் உறையாது. புல் சில வாரம் முன்னதாகவே தழைக்கும். வில்ட்ஷயரில் ஆடுகள் பகலில் அங்கே மேய்ந்தன. இரவில் அவற்றை உழவு நிலத்தில் கிடை போட்டார்கள். புல்வெளியின் சத்து ஆட்டெருவாகத் தானிய வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாற்றம் வயலிலேயே நிகழ்ந்தது. ஃபிளாண்டர்ஸில் டர்னிப் கிழங்கும் குளோவரும் பயிராவதைக் கண்ட ரிச்சர்ட் வெஸ்டன் 1645இல் அதை எழுதிவைத்தார். 1730இல் அரசியலை விட்டு நார்ஃபோக் பண்ணைக்குத் திரும்பிய டவுன்ஷெண்ட் பிரபு டர்னிப்பை ஊக்குவித்துப் பெயர் பெற்றார். ஆனால் அவருக்கு முன்பே அங்கே அது பயிரானது. கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற நான்காண்டுச் சுழற்சியில் தரிசு தேவைப்படவில்லை. கிழங்கு குளிர்காலத் தீவனமானது. குளோவர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்தது.

வெயிலை நம்பாத வழி 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பச்சைத் தீவனத்தைக் குழியில் இறுக்கி, காற்றுப் புகாமல் மூடினால் லாக்டிக் அமிலம் உண்டாகி அதைக் கெடாமல் காக்கும். இதுவே ஊறுகாய்ப்புல். பிரான்சின் ஒகூஸ்த் கோஃபார் மக்காச்சோளத்தில் செய்துபார்த்து 1877இல் நூல் வெளியிட்டார். பின்லாந்தின் ஆர்த்தூரி விர்த்தானென், அமிலம் சேர்த்துத் தீவனத்தின் புரதம் வீணாகாமல் காக்கும் முறையைக் கண்டார். அதையும் சேர்த்தே 1945இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.