மருத்துவ மாணவனும் கணக்குப் புத்தகமும்

நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், மருத்துவம் முதலாண்டு பயில்பவன், சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று நம்மைத் தேடி வந்தான். மந்திரிப்பதற்குச் செபமாலை கொண்டுவந்திருப்பான், அல்லது நற்சான்று கேட்பான் என்று எண்ணினோம். "சாமி, பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எங்கேயாவது கிடைக்குமா?" என்றான்.

உடலியங்கியல் வகுப்பில் குருதியோட்டத்திற்கு ஒரு வாய்பாடு சொல்லித் தந்தார்களாம். நாளத்தின் ஆரம் பாதியாகச் சுருங்கினால், மற்றவை மாறாதிருக்க, அதில் பாயும் குருதி பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது அது. 'ஏன் நான்கு? ஏன் இரண்டோ மூன்றோ இல்லை?' என்பதே அவனைத் தூங்கவிடாத கேள்வி. தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் போதுமென்று நண்பர்கள் நகைத்தார்கள். அவனோ மேல்நிலைப் பள்ளியில் கணிதம் இல்லாத பிரிவில் படித்தவன். மருத்துவத்திற்கான நீட் தேர்விலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் உண்டு, கணிதம் இல்லை. அந்த இயற்பியலைக்கூட நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வித்தையாகவே கற்றதாக அவனே ஒப்புக்கொண்டான்.

அவனைத் தேற்றும் தகுதி நமக்கு இல்லை. நாமும் பத்தாம் வகுப்போடு கணக்கிற்கு விடைகொடுத்துவிட்டுக் குருமடம் புகுந்தவர்களே. எனினும் அவன் சென்ற பின் அக்கேள்வி நம்மை விடவில்லை. சில நாள் நூலகங்களில் அதன் பின்னே அலைந்தோம்.

அவ்வாய்பாட்டைக் கண்ட பொய்ஸேய் என்பவரே ஒரு மருத்துவர். மருத்துவம் பயிலுமுன் பாரிசு நகரின் எக்கோல் பாலிடெக்னிக்கில் கணிதமும் இயற்பியலும் கற்றவர். 1828-இல் பாதரசத் தம்பத்தைக் கொண்டு குருதியழுத்தத்தை அளந்து ஆய்வேடு எழுதினார். பின்னர் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்திப் பார்த்தே நான்காம் அடுக்கைக் கண்டறிந்தார். பாடநூல்களில் வரும் நிறுவல் பின்வந்தோர் செய்தது. அவருக்கும் முன்னே, 1581-இல் பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்து, யூக்ளிடின் வடிவியலைக் கேட்டு மனம் பறிகொடுத்து, 1585-இல் பட்டமின்றி வெளியேறிய மாணவரும் ஒருவர் உண்டு. அவர் பெயர் கலிலேயோ. அவர் விடயத்தில் தன் தவற்றைத் திருச்சபை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 வரை ஆயிற்று. அது வேறு கதை.

நாம் சொல்ல விழைவது ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கதை. 1821-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். இயற்பியல் பயில்வதே அவரது விருப்பம்; தந்தைக்கோ அதற்கு வசதியில்லை. பெர்லினில் இராணுவ மருத்துவர்களுக்கான கல்விக்கூடம் ஒன்றிருந்தது. அங்கே இலவசமாக மருத்துவம் கற்கலாம். பிறகு எட்டாண்டுகள் படையில் பணியாற்ற வேண்டும். 1838-இல் அதில் சேர்ந்தார். ஏழை ஆசிரியரின் மகன் எது கிடைக்குமோ அதைப் படித்த இக்கதை நம் ஊர்களில் எவருக்கும் அயலாகத் தோன்றாது. ஆனால் அவர் அங்கே நூலகப் பணிக்கு உதவியவர். அலமாரிகளில் ஆய்லர், பெர்னூலி, லக்ராஞ்ச் ஆகிய கணித மேதைகளின் நூல்கள் இருந்தன. உடற்கூறும் மருந்தும் பகலில் பயின்ற மாணவர், யாரும் கற்பிக்காமல் இவற்றைத் தாமே கற்றார்.

அவருடைய ஆசான் யோகான்னஸ் முல்லர் பேரறிஞர். உயிருள்ளவற்றில் மட்டும் குடிகொள்ளும் 'உயிர்விசை' ஒன்று உண்டு என்னும் கருத்தின்பால் சாய்வுடையவர். மாணவர் உள்ளத்தில் எழுந்ததோ கணக்குப் பிள்ளையின் கேள்வி. அவ்விசை உடலை இயக்கி, பின் சாவில் ஒன்றுமில்லாமல் போய்விடுமானால், ஒன்றுமில்லாமையிலிருந்து வேலையைப் பெறுகிறோம் அல்லவா? உணவின்றி என்றென்றும் ஓடும் பொறியொன்றை உயிர்கள் தம்முள் வைத்திருக்கின்றன என்றாகாதா? போட்ஸ்டாம் படைமுகாமில் தவளைத் தசைகளைத் துடிக்கச் செய்து, அதில் பிறக்கும் வெப்பத்தை அளந்தார். 1847 சூலையில், ஆற்றல் ஆக்கப்படுவதும் இல்லை, அழிக்கப்படுவதும் இல்லை என்னும் விதியைக் கணித வடிவில் பெர்லின் இயற்பியல் கழகத்தில் படித்தார். அப்போது அவருக்கு வயது 26 கூட நிறையவில்லை. பெயர்பெற்ற ஆய்விதழ் கட்டுரையை ஏற்க மறுத்ததால், அது தனிச் சிறுநூலாக வெளிவந்தது. அதன் அருமையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் யாக்கோபி என்னும் கணிதர்.

அதன்பின் நரம்பில் செய்தி ஓடும் விரைவை, அளக்கவே இயலாது என்று ஆசான் கருதியதை, 1850-இல் அளந்து காட்டினார்: நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காண உதவும் கண்ணோக்கிக் கருவியையும் ஏறக்குறைய அதே காலத்தில் அமைத்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. உயிர்விசையை அறிவியல் வெளியேற்றியபோது ஆன்மாவும் உடன் வெளியேறிற்று என்று அஞ்சிய பக்தர்களும் உண்டு. மகிழ்ந்த மறுப்பாளர்களும் உண்டு. இரு சாராரும் பிழைபட்டனர் என்றே கருதுகிறோம். குருமடத்தில் நாம் பயின்ற புனித தோமா அக்குவினாஸின் மெய்யியலில், ஆன்மா உடலுக்குள் ஒளிந்திருந்து தள்ளும் மற்றொரு விசையன்று. இவ்வுடலை உயிருள்ள உடலாக ஆக்கும் வடிவம். அது வரவு செலவுக் கணக்கில் ஓர் இனமாக எழுதப்படுவதன்று. ஆகவே கணக்குச் சரியாக நேர்ந்தால் அடிபட்டுப்போவதும் அன்று. தவளைத் தசையின் வெப்பத்தை அளந்தவர் அளந்தது வெப்பத்தைத்தான். மாறாக, உடலை அளப்பது பக்திக்குக் குறைவு என்று எண்ணியதால் நமக்கு நேர்ந்த இழப்பே பெரிது. காய்ச்சலுக்குக் காற்றுக் கருப்பென்று காரணம் சொல்லி மருத்துவமனைக்குத் தாமதமாய்க் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை நாம் அடக்கம் செய்திருக்கிறோம்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிற்காலத்தில், 1863-இல், செவி இன்னிசையை எவ்வாறு உணர்கிறது என்பது குறித்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். செவியின் உடற்கூறும் அலைகளின் கணிதமும் ஒருங்கே அறிந்தவரால்தான் அது எழுதப்பட்டிருக்க முடியும். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு நம் காவிரிக் கரையில் பிறந்த ஒருவரை ஆட்கொண்டது. அவர் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்த சர் சி. வி. இராமன். தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் இதையும் ஒன்றாக அவர் குறிப்பிட்டுள்ளார். வயலினையும் மிருதங்கத்தையும் அவர் ஆராயப் புகுந்தது இத்தடத்திலேயே. வலந்தலையின் நடுவில் ஏற்றப்படும் கருஞ்சாந்து, தோலின் தாறுமாறான அதிர்வுகளை இசைவான சுரங்களாக ஒழுங்குபடுத்துகிறது என்று காட்டினார். முதுமையிலும் கண்ணின் செயலைப் பற்றியே ஆராய்ந்து 1968-இல் நூல் வெளியிட்டார். நீர்த்தலமாகிய ஆனைக்காவில் பிறந்தவர் கடல்நீர் ஏன் நீலமென்று கேட்டதை உள்ளூரார் பெருமையோடு சொல்வர். செவியும் கண்ணும் பற்றிய அவர் உழைப்பை அவ்வளவாகச் சொல்வதில்லை.

திருவானைக்காவிலிருந்து காவிரிப் பாலம் கடந்தால், தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயமும் தூய வளனார் கல்லூரியும் வந்துவிடும். 1942-இல் அங்கே இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர் ஜி. என். இராமச்சந்திரன். பின்னர் பெங்களூரில் இராமனிடமே ஆய்வு மாணவரானார். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரி முறுக்காய் அமைந்திருப்பதை வெளியிட்டார். மருத்துவத்திற்கு அவர் தந்த வேறொன்று அதிகம் பேசப்படுவதில்லை. உடலைப் பல கோணங்களில் எக்ஸ் கதிர் கொண்டு படம் எடுத்தால், ஒவ்வொரு கோட்டிலும் வழியில் உள்ள அனைத்தின் கூட்டுத்தொகை மட்டுமே கிடைக்கும். கூட்டுத்தொகைகளிலிருந்து உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதைப் பிரித்தறிவது கணக்கு. இயலுமென்று 1917-இலேயே இராடான் என்னும் கணிதர் நிறுவியிருந்தார். அதை விரைந்து செய்யும் எளிய வழியை 1971-இல் இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் கருவிகளின் அடிப்படை முறைகளுள் அது ஒன்று.

அந்த ஸ்கேனைச் சாத்தியமாக்கியதற்காக 1979-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் கார்மாக் இயற்பியலார், ஹவுன்ஸ்ஃபீல்டு மின்பொறியாளர். மருத்துவர் எவரும் இல்லை. நூலகத்தில் ஆய்லரைப் படித்த அம்மருத்துவ மாணவரின் காலம் எங்கே! வாயிலில் நிற்கும் பிள்ளைகளிடம் 'உனக்குக் கணிதம் வேண்டாம்' என்று சொல்லும் ஏற்பாட்டை நம்மால் மெச்ச இயலவில்லை. எல்லா மருத்துவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆக வேண்டியதில்லை என்பது மெய்தான். ஆனால் கேட்கத் தோன்றும் ஒருவனுக்குப் பாதை அடைபடலாகாது.

புத்தகம் கிடைத்தது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் நம் நெடுநாள் நண்பர். ஞாயிறுதோறும் தம் வீட்டுத் திண்ணையில் அவனுக்குக் கற்பிக்க இசைந்தார். பின்வரிசை மாணவராக நாமும் உடன் அமர்கிறோம். வகையீட்டைக் கடக்க நான்கு மாதங்கள் ஆயின. நமக்கு இன்னும் கடந்தபாடில்லை. சென்ற வாரம் தொகையீட்டில் ஒரு பகுதி முடிந்ததும், பெரியவர் அவன் கேள்வியைத் தாமே நினைவுபடுத்தி எடுத்துக்கொண்டார். ஓடும் குருதியை வெங்காயச் சருகுபோல் வளையம் வளையமாக உரித்தார். சுவரையொட்டிய வளையம் நகர்வதேயில்லை, நடுவில் உள்ளது விரைந்தோடும் என்றார். ஒவ்வொரு வளையத்தின் ஓட்டத்தையும் எழுதிக் கூட்டினார். பலகையின் கடைசி வரியில் நான்காம் அடுக்கு வந்து நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பலகை முழுவதையும் அழித்துவிட்டு, சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து தானே எழுதத் தொடங்கினான்.