மேட்டூர் வட்டாரமும் தொட்டில் குழந்தைத் திட்டமும்: பெண்சிசுக் காப்பில் உள்ளூர் அரசுப் பணிகளின் வரலாறு (1991–2011)

முன்னுரை

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். தமிழகச் சராசரி 948. மாநிலத்தின் எந்த மாவட்டமும் சேலத்தைவிடத் தாழ்ந்த நிலையில் இல்லை. அடுத்த ஆண்டே, 1992இல், பெற்றோரால் வளர்க்க இயலாத பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. இத்திட்டம் பெரும்பாலும் கோட்டையில் பிறந்த அறிவிப்பாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் அதை நடத்தியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர், சத்துணவு மையப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோரே. மேட்டூர் வட்டத்தையும் அதைச் சூழ்ந்த சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியையும் களமாகக் கொண்டு, இப்பணிகள் எவற்றைச் சாதித்தன, எவ்விடத்தில் தடுமாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டாரப் பின்புலம்

மேட்டூர் என்றதும் நினைவுக்கு வருவது அணை. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற அந்த அணையின் நீர் முதன்மையாகக் காவிரிக் கழிமுகத்தின் நெல்வயல்களுக்கு உரியது. பின்னாளில் அமைந்த கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் 45,000 ஏக்கர் அளவுக்குப் பாசனம் தருகின்றன. ஆயினும் அணையை ஒட்டியுள்ள கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளி ஒன்றியங்களின் பெரும்பகுதி மானாவாரி நிலமாகவே நீடித்தது. மேச்சேரியின் பெயர் நெல்லோடு அன்றி ஒரு செம்மறியாட்டு இனத்தோடு சேர்ந்து வழங்குவது தற்செயலன்று. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களிலிருந்து வெளியேறியோர் கரையோர மேட்டு நிலங்களில் குடியேறினர். நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் வெளித்தெரியும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அவ்வூர்களுக்கு எஞ்சிய சான்றுகள். 1930களின் நடுப்பகுதி முதல் மேட்டூர் நகரில் வேதித் தொழிலும், பின்னர் அலுமினியமும் அனல்மின் நிலையமும் வந்தன. சுற்றுப்புற ஊர்களில் தறி பெருகியது.

இந்தப் பொருளியல் மாற்றம் பெண் குழந்தையின் நிலையை உயர்த்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது அதுவன்று. பணப்புழக்கம் கூடிய அளவுக்குத் திருமணச் செலவும் நகைக் கணக்கும் கூடின. முன்பு பரிசம் வழங்கிய குடும்பங்களும் வரதட்சிணைக்கு மாறின. நிலம் மகன்வழியே சென்றது. சிறு உழவர் குடும்பத்தில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறக்கும் பெண், நிலத்தை விற்கச் செய்யும் செலவாகக் கருதப்பட்டாள். ஆகவே இதை வறுமையின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. தமிழகத்திலேயே இதைவிட வறிய வட்டாரங்களில் பாலின விகிதம் இயல்பாக இருந்துள்ளது.

இக்கொடுமை ஒரு குறிப்பிட்ட சாதிக்கே உரிய வழக்கம் என்ற கருத்தும் நெடுநாள் நிலவியது. 1980களின் நடுவில் உசிலம்பட்டி பற்றி வெளியான இதழ்ச் செய்திகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. 1994இல் வெளிவந்து குடும்பநலம் குறித்த சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்ற பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வும் பொதுமக்கள் மனத்தில் இச்சிக்கலைத் தென்மாவட்டச் சிற்றூரோடு பிணைத்தது. கள்ளிப்பால் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் முழுச் சிக்கலும் அடங்கிவிட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று. சேலம், தர்மபுரி மாவட்டங்களின் எண்கள் அந்தத் தோற்றத்தைக் கலைத்தன.

பதிவேடுகள் காட்டிய உண்மை

ஆங்கிலேய ஆட்சி 1870இல் பெண்சிசுக் கொலைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அது வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகியவற்றை நோக்கியது. ஐயத்திற்குரிய குலங்களைக் கண்டறிந்து, பிறப்புகளைப் பதிந்து, கண்காணிப்புக் காவலர்களை நிறுத்தி, அதற்கான செலவை அக்குலங்களிடமே வசூலிப்பது அதன் முறை. சேலம் அச்சட்டத்தின் பார்வைக்குள் வரவில்லை. எனவே இங்கு இச்சிக்கல் அரசின் ஆவணங்களுக்குள் நுழைந்த வழி வேறானது. அது காவல்துறையின் வழியாக வரவில்லை. மகப்பேற்றுப் பணியின் வழியாக வந்தது.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் 21 நாள்களுக்குள் பதியப்பட வேண்டும். ஊர்ப்புறங்களில் அப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருடையது. பிறந்த மூன்றாம் நாளே இறந்த குழந்தைக்கு இரண்டு பதிவுகள் வேண்டும். குடும்பம் இரண்டையும் தவிர்த்துவிட்டால் அக்குழந்தை அரசுக்குப் பிறக்கவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டின் கணக்கு இவ்வாறு அமைவதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர் என அமர்த்தப்பட்ட கிராம சுகாதாரச் செவிலியர் கருவுற்ற தாயை முதலிலேயே பெயர் எழுதிக்கொள்கிறார், தடுப்பூசி போடுகிறார், பேறு எதிர்பார்க்கும் நாளைக் குறிக்கிறார். பேறு முடிந்தபின் குழந்தை எங்கே என்ற கேள்விக்கு அப்பதிவேட்டில் ஒரு விடை எழுதியாக வேண்டும். கொளத்தூர் ஒன்றியத்தின் பாலமலை போன்ற இடங்களில் அந்த விடையைத் தேடிச் செல்வது ஒரு நாள் வேலை.

இந்தப் பதிவேடுகளையே வெங்கடேஷ் ஆத்ரேயாவும் மாநில அரசின் நலப்பணியில் இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் 1990களின் நடுவில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். பிறந்த முதல் வாரத்தில் நிகழும் பெண் குழந்தை இறப்புகள், மதுரைப் பகுதி தொடங்கி சேலம், தர்மபுரி வழியாக வடக்கே செல்லும் ஒரு தொடர்பட்டையில் மிகுந்திருப்பதை அவர்களின் ஆய்வு காட்டியது. பெண் குழந்தைக்கு உடலியல்படி முதல் வாரத்தில் பிழைக்கும் வாய்ப்பு ஆண் குழந்தையைவிடக் கூடுதல். அது தலைகீழாக மாறிய இடங்களில் காரணம் மருத்துவத்திற்கு வெளியே இருந்தது. செவிலியர்கள் பதிவேட்டில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதிய சொற்றொடர் இதன் நயமான பெயர். கொலை என்று எழுதினால் காவல் நிலையம் செல்ல வேண்டும். சென்றால் அவ்வூரில் மறுநாள் எந்த வீட்டுக் கதவும் அச்செவிலியருக்குத் திறக்காது. பணியைத் தொடர்வதற்கும் உண்மையைப் பதிவதற்கும் இடையே ஊழியர்கள் கண்ட வழியாக இச்சொல்லைக் கொள்ளலாம்.

தொட்டிலும் வைப்புத்தொகையும்

1982 சூலை முதல் நாள் ஊர்ப்புறங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் ஒரு மையத்தையும் அதற்குப் பொறுப்பான பெண் பணியாளரையும் உருவாக்கியிருந்தது. தொட்டில் திட்டம் இக்கட்டமைப்பின் மீதே நின்றது. அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், குழந்தைகள் மையங்கள் ஆகியவற்றில் தொட்டில்கள் வைக்கப்பட்டன. கொண்டுவந்து விடும் தாயிடம் பெயரோ காரணமோ கேட்கப்படாது என்பது திட்டத்தின் அடிப்படை உறுதிமொழி. ஏற்கப்பட்ட குழந்தை மருத்துவக் கவனிப்புக்குப்பின் உரிமம் பெற்ற தத்தளிப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த உறுதிமொழியில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைவிடும் பெற்றோரை அன்று குற்றவாளியாக்கியது. ஒரே அரசின் ஒரு கை குற்றம் என்றதை மறு கை வாங்கிக்கொண்டது. பெண்கள் அமைப்புகள் எழுப்பிய மறுப்பு இதனினும் ஆழமானது. பெண் குழந்தையைக் கைவிடுதல் ஏற்கத்தக்க செயல் என்ற எண்ணத்தை அரசே வளர்க்கிறது என்பதும், தந்தையின் பொறுப்பு எங்கும் பேசப்படவில்லை என்பதும் அம்மறுப்பின் சாரம். திட்டத்தை ஆதரித்தோரின் விடை சுருக்கமானது: உயிரோடிருக்கும் குழந்தைக்கே உரிமை பற்றிப் பேச முடியும். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் சட்டத்தின் கண்டிப்பு மட்டும் போதாது என்பதைத் தென்மாவட்ட வழக்குகள் முன்பே உணர்த்தியிருந்தன. அவற்றில் தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் பேறுகால நோவு தீராத தாய்மாரே.

தொடக்க ஆண்டுகளில் தொட்டிலுக்கு வந்த குழந்தைகள் மிகச் சிலர். ஆட்சி மாறிய 1996க்குப்பின் திட்டம் ஏறத்தாழ உறங்கியது. 2001இல் அது புத்துயிர் பெற்று, மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி முதலிய மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டபோது வரவு பலமடங்கு உயர்ந்தது. வீட்டுப் பேறு குறைந்து மருத்துவமனைப் பேறு பெருகிய காலம் அது. பேறு நிகழும் இடத்திலேயே தொட்டிலும் இருந்தது இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாகலாம்.

அதே 1992இல் அறிவிக்கப்பட்ட பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், பெண்ணின் பெயரில் அரசு வைப்புத்தொகை இட வழிசெய்தது. 2001இல் திருத்தியமைக்கப்பட்டபோது, ஒரே பெண் உள்ள குடும்பத்திற்கு 22,200 ரூபாயும், இரு பெண்கள் எனில் தலா 15,200 ரூபாயும் வைப்பாக இடப்பட்டன. 2011இல் இவை முறையே 50,000 ஆகவும் 25,000 ஆகவும் உயர்ந்தன. ஆண் குழந்தை இருத்தல் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். திட்டத்தின் குறை இங்கேதான் உள்ளது. இரண்டாம் பெண்ணோடு நிறுத்திக்கொள்ள முன்வரும் குடும்பம் ஓரளவு மனம் மாறிவிட்ட குடும்பம். மகனை எதிர்பார்த்து மூன்றாம் பேற்றுக்குச் செல்லும் குடும்பத்தில் பிறக்கும் பெண்ணே மிகுந்த ஆபத்தில் இருந்தாள். அவளுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கும் பெண் காப்பும் ஒரே படிவத்தில் சேர்க்கப்பட்டதன் விளைவு இது.

தர்மபுரி மாவட்டத்தில் 1998இல் நடந்த கலைப்பயணம் வேறொரு வழியை முயன்றது. நலப்பணித் துறையின் துணையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்க் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று நாடகமும் பாட்டும் நிகழ்த்தினர். உதவித்தொகை பற்றி அவர்கள் பேசவில்லை. வரதட்சிணையைப் பற்றியும் மாமியார் மருமகள் உறவைப் பற்றியும் பேசினர். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் 1996இல் நடந்த தேர்தல்களில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குப் பெண்கள் வந்திருந்த காலம் என்பதால், ஊராட்சி அளவில் இப்பேச்சுக்குக் கேட்போர் கிடைத்தனர்.

எண்களைப் படிக்கும் முறை

2001இல் சேலம் மாவட்ட விகிதம் 851. இதை 1991இன் 849உடன் நேராக ஒப்பிட்டு, பத்தாண்டில் மாற்றமே இல்லை என்று எழுதும் வழக்கம் உண்டு. 1997 சனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததை அவ்வொப்பீடு மறந்துவிடுகிறது. 1991இன் எண் நாமக்கல்லை உள்ளடக்கியது. 2001இன் எண் மேட்டூர், ஓமலூர், எடப்பாடி போன்ற தாழ்ந்த விகிதம் கொண்ட மேற்கு வட்டங்களின் எடை கூடிய சிறிய மாவட்டத்தினுடையது. எனவே மேற்குப் பகுதியில் 2001க்கு முன்பே சிறிது முன்னேற்றம் தொடங்கியிருந்தது என்று கொள்வதே பொருந்தும். 2011இல் சேலத்தின் விகிதம் 916 ஆயிற்று. மாநிலச் சராசரியான 943ஐ அது எட்டவில்லை.

இவ்வுயர்வு முழுவதையும் தொட்டிலின் கணக்கில் எழுதுதல் தகாது. சேலத்தில் விகிதம் ஏறிய அதே பத்தாண்டில் கடலூர், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அது இறங்கியது. அங்குப் பிறந்தபின் கொல்லும் வழக்கம் பரவியதாகச் சான்றில்லை. பிறக்குமுன் கண்டறியும் ஸ்கேன் கருவி பரவியிருந்தது. 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், 2003இன் திருத்தத்திற்குப் பின்னரே மாவட்ட அளவில் ஓரளவு கூர்மை பெற்றது. 2011இல் தொட்டில் திட்டம் அம்மூன்று மாவட்டங்களுக்கும் விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் விரிவாக்கப்பட்டது. கருவிலேயே அகற்றப்படும் குழந்தையைத் தொட்டில் ஏந்த முடியாது என்ற எளிய உண்மை அவ்விரிவாக்கத்தில் எண்ணிப் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டச் சிக்கல் பிற்காலத்தில் ஒருவாறு தீர்ந்தது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைநலக் குழுவின்முன் ஒப்படைப்பதற்கு முறையான வழிவகுத்து, மனம் மாறுவதற்கு இரு மாதக் காலமும் அளித்தது. இன்னொரு சிக்கல் இனித்தான் வளரும். 1992இல் தொட்டிலில் விடப்பட்ட முதற் குழந்தைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். தத்தெடுப்பு விதிகள், வளர்ந்தபின் தம் வேரைத் தேடும் வாய்ப்பை அவர்களுக்கு வழங்குகின்றன. அவர்கள் கேட்டு வரும்போது விரிக்கப்படும் பதிவேட்டில் தாயின் பெயர் இராது. பெயர் கேட்பதில்லை என்று அரசு அத்தாய்க்கு வாக்களித்திருந்தது.