டெண்டரில் தோத்தவன் கோர்ட்டுக்குப் போகலாமா?

மருத்துவக் காப்பீடு பத்தி எங்க ஊர்ப்பக்கம் பேச்சு வந்தா முதல்ல வர்ற கேள்வி, "பல்லுக்கு உண்டா?" என்பதுதான். பெரும்பாலும் கிடையாது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பல் வைத்தியத்துக்குக் காசு தருவேன் என்பது இந்தியக் காப்பீடுகளின் வழக்கம். சொத்தைப் பல்லுக்குச் சொந்தக் காசுதான். :-)

அமெரிக்காவில் ராணுவத்தினர் குடும்பங்களுக்குப் பல் காப்பீட்டுக்கென்றே அரசு தனியா ஒப்பந்தம் போடுது. 2012 மே 1ல் மெட்லைஃப் கையில் வந்தது, 2017 மே 1ல் யுனைடெட் கன்கார்டியாவுக்குத் திரும்பப் போனது. இந்த மாதிரி கான்ட்ராக்ட் கைமாறும்போது, கிடைக்காதவர் சும்மா இருப்பாரா? அவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுல ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் கதை பாலில் ஆரம்பிக்குது. கண்ணனூர் அரசு ஆஸ்பத்திரிக்கு 1958-59ல் பால் சப்ளை பண்ண டெண்டர் விட்டாங்க. அச்சுதன் என்பவரின் டெண்டரை ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் மேலதிகாரி அதை ரத்து பண்ணிட்டு, கூட்டுறவு பால் சங்கத்துக்குக் கொடுத்துட்டார். மனுஷன் நேரா உச்ச நீதிமன்றம் போனார். கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? யார்கிட்ட பால் வாங்கணும்னு முடிவு பண்றது அரசின் விருப்பம், இதுல அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அதாவது சம உரிமை, மீறப்பட்டதா சொல்ல முடியாது என்று மனுவைத் தள்ளிடுச்சு. வீட்டுக்குப் பால்காரரை மாத்துற மாதிரி அரசும் மாத்திக்கலாம்னு அர்த்தம்!

இங்க எங்க காரைக்கால் சங்கதி ஒண்ணு சொல்லணும். 1954 நவம்பர் 1 வரைக்கும் தலத்தெரு உட்பட இந்தப் பக்கமெல்லாம் பிரெஞ்சு ஆட்சி. அரசாங்கத்தோட வழக்கு என்றால் புதுச்சேரியில் அதுக்குன்னே தனி நிர்வாக மன்றம். அப்பீல் பாரிஸில் இருக்கும் கோன்செய் தெத்தாவுக்கு. அந்த பாரிஸ் மன்றம் 1905லேயே மார்த்தேன் என்பவரின் வழக்கில் ஒரு வழி திறந்துவிட்டது. லுவார் எ ஷேர் என்ற மாவட்டத்தில் டிராம் வண்டி ஓட்ட உரிமம் கொடுத்த விவகாரம். ஒப்பந்தம் வேற, அதைக் கொடுக்கலாம்னு எடுத்த முடிவு வேற, அந்த முடிவை மட்டும் தனியாப் பிரிச்சு எதிர்க்கலாம்னு சொன்னாங்க. (மார்த்தேன் கடைசியில் தோத்துட்டார், அது வேற கதை.) அடுத்த வருஷமே ஏலத்தில் விலக்கப்பட்ட போட்டியாளருக்கும் இந்த வழி கிடைச்சது. கண்ணனூர்க்காரருக்கு அம்பது வருஷம் முன்னாடி!

இந்தியாவில் கதவை அகலமாத் திறந்தது 1979 மே மாதத் தீர்ப்பு. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் ஒரு இரண்டாம் வகுப்பு உணவகமும் ரெண்டு சிற்றுண்டிக் கடையும் நடத்த 1977ல் டெண்டர். அஞ்சு வருஷ அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரரா இருக்கணும்னு நிபந்தனை. வந்தது ஆறு டெண்டர். மாசம் 6,666 ரூபாய் 66 பைசா கேட்டவருக்குக் கொடுத்தாங்க. அவருக்கு கேன்டீன் நடத்திய அனுபவம்தான் உண்டு, நிபந்தனையில் சொன்ன தகுதி இல்லை.

நீதிபதி பகவதி எழுதினது இதுதான்: அரசு தனி மனுஷன் மாதிரி இஷ்டத்துக்கு நடக்க முடியாது. தானே ஒரு அளவுகோல் வச்சா தானே அதை மதிக்கணும். தளர்த்தறதா இருந்தா எல்லாருக்கும் தெரிய தளர்த்தணும், ஏன்னா நிபந்தனையைப் பார்த்துட்டு டெண்டரே போடாம விலகினவங்க இருப்பாங்க.

சரி, ஷெட்டி ஜெயிச்சாரா? அதுதான் இல்லை! அஞ்சு மாசத்துக்கு மேல கழிச்சு வந்திருக்கார். அதுக்குள்ள அவர் ஒண்ணேகால் லட்சம் செலவழிச்சுக் கடையைப் போட்டுட்டார். ஷெட்டி டெண்டரே போடாதவர், வேறொருவர் தூண்டிவிட்டு வந்தவர்னு கோர்ட் நினைச்சுது. கொள்கை ஜெயிச்சுது, ஆள் தோத்தார்.

அடுத்தது 1994 ஜூலை, டாடா செல்லுலார் வழக்கு. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நாலு ஊருக்கும் செல்போன் உரிமம், ஊருக்கு ரெண்டு கம்பெனி. தீர்ப்பு எழுதியவர் நம்ம சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி எஸ். மோகன். ஷெட்டி திறந்த கதவுக்கு இவர் தாழ்ப்பாள் போட்டார்னு சொல்லலாம். முடிவு சரியா தப்பான்னு கோர்ட் பார்க்காது, முடிவெடுத்த விதம் ஒழுங்கான்னு மட்டும்தான் பார்க்கும். நிபுணர் வேலையை நீதிபதி செய்யக்கூடாது. 2006 டிசம்பரில் ஜகதீஷ் மண்டல் வழக்கு இன்னும் இறுக்குச்சு: உள்நோக்கமோ தான்தோன்றித்தனமோ இருந்ததா, பொதுநலன் பாதிக்குதா, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் "ஆமாம்"னு வந்தாத்தான் தலையீடு.

இப்ப காப்பீட்டுக்கு வருவோம். பால், சிற்றுண்டிக் கடையில் ஸ்டே வாங்கினா கொஞ்ச பேருக்குக் கஷ்டம். காப்பீட்டில் அப்படியில்லை. 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் ஸ்டார் ஹெல்த் மூலம் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, குறி 1 கோடி குடும்பங்கள். 2011ல் ஆட்சி மாறினதும் அது நின்னுது. 2012 ஜனவரி 11 முதல் யுனைடெட் இந்தியா மூலம் புதுத் திட்டம். நடுவுல அட்டையைக் கையில் வச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர் நிலைமையை யோசிங்க. டெண்டர் வழக்கு இழுத்தாலும் இதே கதிதான். அதுக்காக கேள்வியே கேட்கக்கூடாதுன்னா, தப்பான கம்பெனிக்குப் போன ஒப்பந்தத்தில் வருஷக்கணக்கா அவதிப்படறதும் அதே நோயாளிதான்.

என் கட்சி இதுதான்: கேள்வி சீக்கிரம் கேட்கணும், பதிலும் சீக்கிரம் வரணும். அமெரிக்காவில் தோத்த கம்பெனி குறித்த நாளுக்குள் (பொதுவா 10 நாள்) கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் புகார் கொடுத்தா வேலை தானாகவே நிற்கும், 100 நாளில் தீர்ப்பு வரும். அவசரம்னா அரசு காரணம் எழுதிட்டு வேலையைத் தொடரலாம். தமிழ்நாட்டிலும் 1998ல் வந்த டெண்டர் வெளிப்படைச் சட்டம் இருக்கு. 10 நாளுக்குள் அப்பீல். ஆனா யார்கிட்ட? அரசுகிட்டயே! மாமியார் மேல மாமியார்கிட்டயே புகார் சொல்ற கதை.

எங்களுக்கு அதுவும் இல்லை. நண்டலாறு தாண்டி பொறையார் போனா தமிழ்நாட்டுச் சட்டம், காப்பீட்டு அட்டை எல்லாம் உண்டு. இந்தப் பக்கம் புதுச்சேரி நிர்வாகம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், டெண்டர் படிவத்திலேயே ஆட்சேபணைக்கு வழி வைக்கணும்னு சொல்லுது. ஆனா அது விதி மட்டும்தான், சட்டமில்லை. நாடு முழுக்க ஒரு சட்டம் கொண்டுவர 2012ல் பொதுக் கொள்முதல் மசோதா வந்தது. 2014ல் மக்களவை கலைஞ்சதும் காலாவதி ஆயிடுச்சு. ஆக, தலத்தெருக்காரர் டெண்டரில் தோத்து நியாயம் கேட்கணும்னா கடைசியில் பஸ் ஏறவேண்டியது சென்னை உயர்நீதிமன்றத்துக்குத்தான். அதுக்குள்ள அங்க ஒண்ணேகால் லட்சத்துக்குக் கடை போட்டிருப்பாங்க.

ஒப்பந்தத்தில் கையெழுத்து விழறதுக்கு முன்னாடியே, கொடுத்த அதிகாரிக்கு சம்பந்தமில்லாத ஒரு ஆள் ரெண்டு வாரத்துக்குள் கேட்டுச் சொல்ற ஏற்பாடு இருந்தா கம்பெனிக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. டெண்டர் போட்ட அனுபவம் இருக்கறவங்க வந்து சொல்லுங்க மக்களே, நான் சொல்றது நடைமுறைக்கு ஒத்துவருமா?