மச்சும் சுவரும்: சென்னை வீடுகளில் சுமை இறங்கிய வழி

வீட்டின் உட்சுவர் ஒன்றை இடிக்கலாமா என்ற கேள்விக்குச் சுவரை மட்டும் பார்த்து விடை சொல்ல இயலாது. அதன் மேலுள்ள கூரை எக்காலத்தில், எம்முறையில் போடப்பட்டது என்பதையும் அறிந்தாக வேண்டும். மேல்தளத்தின் எடையை வாங்கி அடித்தளத்துக்குக் கடத்துவது சுமைதாங்கும் சுவர். தன் எடையை மட்டும் தாங்கி அறைகளைப் பிரிப்பது தடுப்புச் சுவர். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு காலந்தோறும் மாறிவந்ததைச் சென்னையின் வீடுகளில் தெளிவாகக் காணலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்நகரின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக வழங்கிய கூரை, ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பெயர் பெற்ற மச்சு ஆகும். இம்முறையில் தேக்குக் கட்டைகள் சிறிய இடைவெளிகளில் வரிசையாகப் பரப்பப்பட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு நிலையில், கட்டைகளுக்கு மூலைவாட்டமாக அடுக்கப்பட்டன. அதன்மேல் பரப்பிய செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தவாறே, பெண் தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கினர். இறுதியாகத் தட்டோடு பதிக்கப்பட்டது.

பளுவான இந்தக் கூரையின் எடை முழுவதும் கட்டைகளின் முனைகள் வழியாகவே சுவருக்கு இறங்கியது. கட்டைகள் பெரும்பாலும் அறையின் குறுகிய பக்கத்தைக் கடக்குமாறு போடப்பட்டதால், முனைகள் அமர்ந்த இரு நீளச் சுவர்களே சுமையை ஏற்றன. கட்டைகளுக்கு இணையாக ஓடிய சுவர்களுக்குக் கூரைச் சுமை மிகக் குறைவு. அகன்ற கூடங்களில் கட்டைகளைத் தாங்க உத்திரம் ஒன்று குறுக்கே இடப்பட்டபோது, அதன் முனை அமர்ந்த இடத்தில் சுவர் மிகுந்த பளுவைத் தாங்க நேர்ந்தது. கட்டைகள் கீழிருந்து கண்ணுக்குத் தெரிவதால், அண்ணாந்து பார்த்தே சுமை செல்லும் திசையைக் கணிக்க முடிந்தது.

பர்மாத் தேக்கை நம்பியிருந்த இம்முறை, 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி மர வரத்து தடைப்பட்ட பின்னர் மேலும் தளர்ந்தது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் சேர்ந்த கான்கிரீட் தளம் அதன் இடத்தைப் பிடித்தது. தளத்துக்குள் கம்பிகள் மறைந்திருப்பதால், சுமையின் திசை பார்வைக்குப் புலப்படாமல் போயிற்று. நான்கு பக்கமும் சுவரில் அமர்ந்த தளத்தின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்டால் பெரும்பகுதிச் சுமை நீளச் சுவர்கள் இரண்டுக்கும், குறைந்தால் நான்கு சுவர்களுக்கும் செல்லும். ஆகவே தூண்களின்றிக் கட்டப்பட்ட இத்தகைய வீடுகளில், 9 அங்குலக் கனமுள்ள ஒருகல் சுவர் ஒவ்வொன்றையும் சுமைச்சுவராகக் கருதுவதே முறை.

அடுத்து வந்த சட்டகக் கட்டுமானத்தில் தூண்களும் பீம்களுமே சுமையை ஏற்றன. 1959-இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் போன்ற உயர்ந்த கட்டடங்கள் இம்முறையால் இயன்றவை. இதில் 9 அங்குலச் சுவர்கூட வெறும் அடைப்பாக இருக்கலாம். மாறாக, பழைய வீட்டின் நாலரை அங்குல அரைக்கல் தடுப்பின் மீது, காலப்போக்கில் தொய்ந்த மரக்கூரை அமர்ந்து, எதிர்பாராத சுமையை ஏற்றியிருக்கலாம். கனம் மட்டும் சான்றாகாது என்பதற்கு இவை போதிய எடுத்துக்காட்டுகள்.

எனவே சுவரை நீக்க எண்ணுவோர் கூரையின் வகையையும், மேல்தளத்தில் அதே கோட்டில் சுவர் எழுகிறதா என்பதையும், அச்சுவருக்கெனத் தனி அடித்தளம் உண்டா என்பதையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஆராய வேண்டும். சுமைச்சுவர் என உறுதியானால், கூரைக்கு முட்டுக் கொடுத்து, சுமையை ஏற்கும் பீமையும் அதன் தாங்கிகளையும் அமைத்த பின்னரே சுவரைத் தொட வேண்டும். ஐயம் தீராதவரை எந்தச் சுவரையும் சுமைச்சுவராகவே கொள்வது கடமையாகும்.