பொய்ப் பெயரில் ஒரு பயணம்

1838, ஜனவரி கடைசி. லண்டனிலிருந்து வடக்கே கிளம்பிய கோச்சு வண்டியில் இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். கொட்டும் பனி. இரண்டு நாள் பயணம். ஒருவர் 'ஃபிஸ்' என்று கையெழுத்துப் போடும் ஓவியர். இன்னொருவருக்கு 25 வயது. பெயர், சார்லஸ் டிக்கன்ஸ். ஆனால், கையோடு கொண்டுபோன அறிமுகக் கடிதத்தில் இருந்தது வேறு பெயர்!

எதற்கு இந்தத் திருட்டுத்தனம்? அடுத்த நாவலுக்கு வேவு பார்க்க.

யார்க்‌ஷயர் பக்கம் அப்போது மலிவு விலை போர்டிங் ஸ்கூல்கள் ஏராளம். வருடத்துக்குச் சுமார் 20 கினி கட்டினால் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அதிலேயே அடக்கம். கணக்குப் போட்டால் ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் சொச்சம்தான். இதில் வாத்தியாருக்கு லாபமும் நிற்கவேண்டும். பையன் என்னத்தைச் சாப்பிட்டிருப்பான்? விளம்பரத்தில் இன்னொரு கவர்ச்சி: விடுமுறையே கிடையாது. அதாவது, வீட்டுக்கு வேண்டாத பிள்ளையை அனுப்பிவிட்டு மறந்துவிடலாம்.

ஊருக்குள் நுழைய டிக்கன்ஸ் ஒரு கதை கட்டினார். விதவைத் தாய் ஒருத்தி தன் மகனுக்குப் பள்ளி தேடுகிறாள், அவள் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று. உள்ளூர்க்காரர் ஒருவர் பிடிகொடுக்காமல் பேசிவிட்டு, ராத்திரி தேடி வந்து, 'அந்தம்மாவிடம் சொல்லுங்கள், பையனை இங்கே மட்டும் அனுப்பவேண்டாம்' என்றாராம். பின்னாளில் டிக்கன்ஸே எழுதியிருக்கிறார்.

போஸ் என்கிற கிராமத்தில் வில்லியம் ஷா என்பவரின் பள்ளி. அங்கே பையன்கள் சிலருக்குக் கண் பார்வையே போய், 1823ல் வழக்கில் தோற்று நஷ்டஈடு கொடுத்தவர் ஷா. அதற்குப் பிறகும் பள்ளி ஜோராக நடந்தது! பக்கத்துச் சர்ச் கல்லறையில் அந்தப் பள்ளியில் திடீரென்று இறந்துபோன ஒரு மாணவனின் கல்லைப் பார்த்தார் டிக்கன்ஸ். நாவலில் வருகிற ஸ்மைக் என்ற பரிதாபமான பையன் அந்த இடத்தில்தான் மனதில் உதித்தான்.

மார்ச் கடைசியில் 'நிக்கோலஸ் நிக்கிள்பி' முதல் பகுதி வெளியானது. விலை ஒரு ஷில்லிங். கிட்டத்தட்ட 50,000 பிரதி விற்றது. வில்லன் வாத்தியார் பெயர் வாக்ஃபோர்டு ஸ்குவியர்ஸ். ஆங்கிலத்தில் வில்லியம் ஷாவின் அதே முதலெழுத்துகள்! வேடிக்கை என்னவென்றால், 'அது நான்தான்' என்று ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியார்கள் குதித்தார்கள். ஒருவர் கேஸ் போட வக்கீலிடமே போனாராம். 1848 பதிப்பின் முன்னுரையில், அந்த மாதிரிப் பள்ளிகள் இப்போது ரொம்பக் குறைவு என்று எழுதினார் டிக்கன்ஸ்.

ஆனால் ஒன்று. ஷாவை டிக்கன்ஸ் பார்த்தது கொஞ்ச நேரம்தான். ஷா அவ்வளவு மோசமில்லை, மற்ற பள்ளிகள் இதைவிடக் கேவலம் என்று சொன்ன உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஊருக்கே பொதுவான பாவத்தை ஒரே ஆள் தலையில் இறக்கிவிட்டாரா டிக்கன்ஸ்? ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். பள்ளி நொடித்துப்போய், 1850ல் இறந்தார் ஷா.

அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கல்லறைகளும்தான்.