கூறு என்னும் பெயர்

புள்ளியியலார் 'முதன்மைக் கூறு பகுப்பாய்வு' என்று எழுதும்போது, நடுவில் நிற்கும் 'கூறு' எத்தனை பழைய சொல் என்பதை நினைப்பதில்லை. புதுக்கோட்டைச் சீமையில் அதைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டாம். ஆவுடையார்கோயில் வட்டாரத்தைக் கல்வெட்டுகள் மிழலைக் கூற்றம் என்கின்றன. கூறு இரட்டித்துக் கூற்றாகி 'அம்' பெற்று, நாட்டைப் பிரித்த பிரிவுக்கே பெயராகிவிட்டது. அந்தக் கூற்றத்தையும் நடுவிற்கூற்று, கீழ்க்கூற்று என மீண்டும் பிரித்தார்கள். உயிரையும் உடலையும் பிரிக்கிறவன் என்பதால் எமன் கூற்றுவன் ஆனான். பேசுவதற்கும் இதே சொல்தானே என்று கேட்பீர்கள்: 'விள்' என்பதற்கும் பிளத்தல், சொல்லுதல் என இரு பொருள் உண்டு, உள்ளத்திலிருப்பதைப் பிரித்து வெளியே வைப்பதுதான் பேச்சு என்று நம் முன்னோர் எண்ணியிருக்கக் கூடும்.

இன்றைக்கும் சந்தையில் தக்காளியை நிறுக்காமல் குவித்துவைத்துக் 'கூறு பத்து ரூபாய்' என விற்கிறார்கள். இந்தக் கூறில்தான் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. தக்காளிக் கூறு தக்காளியின் ஒரு பகுதி. புள்ளியியல் கூறோ அப்படியன்று.

ஆலங்குடியை அடுத்த வம்பனில், உளுந்து வகைகளுக்குப் பேர்போன தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்து இனங்கள் பலவற்றை அளக்கிறோம் என்று வையுங்கள்: செடி உயரம், காய் எண்ணிக்கை, ஒரு காயிலுள்ள மணிகள், நூறு மணியின் எடை. முதற்கூறு இவற்றுள் எதுவுமன்று. இவை அனைத்தும் வெவ்வேறு எடையில் கலந்த ஒரு புதிய திசை. அப்படியானால் எதைக் கூறுபோட்டோம்? உளுந்தையன்று, உளுந்துக்கு உளுந்து உள்ள வேறுபாட்டை. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது முதற்கூறு. மிஞ்சியதில் பெரும்பங்கை, முதற்கூறுக்குச் செங்குத்தான திசையில் நின்று எடுப்பது இரண்டாவது. ஒன்றில் விழுந்தது மற்றொன்றில் விழாது. கூறு என்றால் பங்கு. பெயர் பொருந்துகிறது, என் ஐயமும் தீர்ந்தது.

கார்ல் பியர்சன் 1901இல் இம்முறையை வடிவியலாகச் சொன்னபோது அதற்கு இந்தப் பெயர் இல்லை. 1933இல் பெயர் தந்த ஹெரால்டு ஹோட்டலிங், உளவியலார் வழங்கிய 'ஃபேக்டர்' என்ற சொல்லைத் தள்ளினார். கணக்கில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது என்பது அவர் காட்டிய காரணம். தமிழில் அதற்கு நேரான 'காரணி'யும் அதே இரட்டைச் சுமையைத்தான் சுமக்கிறது, வடமொழி வழியாக வந்த சொல்லும்கூட. 'ஃபேக்டர்' இடத்தில் ஹோட்டலிங் வைத்த 'காம்பொனென்ட்' இலத்தீனில் சேர்த்துவைப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நம் கூறோ பிரிப்பதிலிருந்து. இவ்விடத்தில் தமிழே செயலுக்கு நெருக்கம் என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

'ஆர்' மென்பொருளில் 'பிஆர்காம்ப்' என்ற கட்டளை இக்கணக்கைச் செய்யும். அளவைகளைச் சமப்படுத்தச் சொல்லாவிட்டால் அது தானாகச் சமப்படுத்தாது. அப்போது சென்டிமீட்டரில் பெரிய எண்களாய் விரிந்து கிடக்கும் உயரம், சில கிராமே உள்ள நூறுமணி எடையை அமுக்கிப் பெருங்கூறை விழுங்கிவிடும். இரு கூறுகளை அச்சுகளாக்கிப் படம் வரைந்தபின் ஒரு மென்பொருளில் இடப்பக்கம் இருந்த உளுந்து இன்னொன்றில் வலப்பக்கம் இருந்தால் அஞ்சவேண்டாம்; கூறின் குறி தலைகீழாவதால் பங்கு மாறுவதில்லை.

அதே படத்தில் இனங்களைப் புள்ளிகளாகவும் பண்புகளை அம்புகளாகவும் சேர்த்து வரைவதைப் புள்ளியியலார் கேப்ரியேல் 1971இல் 'பைப்ளாட்' என்றார். அதிலுள்ள 'பை', அதாவது 'இரு' என்பது, இரண்டு அச்சுகளையன்று, புள்ளியும் அம்புமாகிய இருவகையையே குறிக்கும்; ஆகவே 'இருபரிமாணப் படம்' என்று பெயர்ப்பது பிழை, 'இருவகைப் படம்' எனலாம்.

எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது என்று காட்டும் படத்துக்கு உளவியலார் கேட்டல் என்பவர் 1966இல் மலைச்சரிவின் அடியில் குவியும் கற்குவியலின் பெயரை இட்டார். செங்குத்தாய் இறங்கும் கோடு, தட்டையாகும் இடத்துக்குமேல் மலை, கீழே வெறுங்கல். நம்மிடம் 'சரளை' இருக்கிறது. சரிவோடு ஓசையிலும் ஒத்துப்போகிறது. 'சரளைப் படம்' என்று நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.